நாற்காலி டூட்டி

போன மாதம் வேலையை விட்டேன். எனக்கு முப்பத்தைந்து வயது. ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் வங்கிக் கவுண்டரில் இருப்பவர்கூட நிமிர்ந்து பார்க்கிறார். இடது காது சரியாகக் கேட்பதில்லை. இனி இரைச்சல் உள்ள இடத்தில் வேலை வேண்டாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். என் வேலை முழுவதும் இரைச்சல் உள்ள இடத்தில்தான். ஆகவே விட்டேன். இது காயமா, நோயா, எந்தத் தொழிலின் கணக்கில் சேரும் என்று பழக்கதோஷத்தில் யோசித்துப் பார்த்தேன். எதிலும் சேரவில்லை. தொழிற்பாதுகாப்பு ஆலோசகர்கள் என்று ஒரு வரிசையே, தொழில்வாரியாகக் காயங்களை எண்ணும் எங்கள் அட்டவணையில் கிடையாது.

விடைபெறும் நாளில், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்கள் தங்கள் கணினித் திரையைக் காட்டினார்கள். தொழில்வாரியாகக் காயங்களை ஒப்பிடும் புதிய மென்பொருள் அது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நிறத்தில் ஒரு பட்டை. ஆபத்து அதிகம் என்றால் பட்டை உயரம். “அக்கா, நம்ம ஏரியால எது ரொம்ப டேஞ்சரான தொழில்? ஒரே வார்த்தைல சொல்லுங்க” என்று கேட்டார்கள். ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்ததும் வந்தது பட்டைகள் அல்ல, ஒரு வரிசை நாற்காலிகள்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்தது வியாசர்பாடி குடியிருப்பில். மெக்கானிக்கல் டிப்ளமா, அதன் மேல் தொழிற்பாதுகாப்பில் ஒரு படிப்பு, பிறகு இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் பயிற்சி. அங்கே கற்றவை மூன்று. உருகிய இரும்பின் பக்கத்தில் நைலான் உடுத்தக் கூடாது. சத்தத்தில் பேசுகிறவரின் உதட்டைப் பார்க்க வேண்டும். யாராவது சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் வைத்துக்கொண்டால், முன்னால் காட்டச் சொல்ல வேண்டும். மீதியைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு ராயபுரத்தில் ஒரு சிறிய ஆலோசனை அலுவலகத்தில் சேர்ந்தேன். ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரையிலான ஆலை உரிமையாளர்களின் கூட்டமைப்பு ஒன்று எங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு வேலை தரும். ஃபவுண்டரி, கன்டெய்னர் யார்டு, மீன் பதப்படுத்தும் ஆலை, குழாயும் தொட்டியும் செய்யும் ஃபேப்ரிகேஷன் யார்டு என்று ஒவ்வொரு தொழிலிலும் எத்தனை பேருக்குக் காயம் என்று கேட்டு, சரிபார்த்து, ஒப்பிட்டுக் கொடுக்க வேண்டும். கணக்கு எளிது. வேலை செய்ய முடியாதபடி காயம் பட்டவர்களின் எண்ணிக்கை மேலே. எல்லாரும் சேர்ந்து வேலை செய்த மணி நேரம் கீழே. வகுத்து, பெரிய எண்ணால் பெருக்கினால் விகிதம். நூறு பேர் இருக்கும் இடத்தையும் ஐயாயிரம் பேர் இருக்கும் இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வகுத்தல் எப்போதும் சரியாகவே வரும். மேலே என்ன வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம்.

என் மேலதிகாரி வசுந்தரா மேடம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதன் கீழே இரும்பு முனை வைத்த கறுப்பு ஷூ. ஆலைக்குள் எங்கேயும் உட்கார மாட்டார். மேனேஜர் அறையில்கூட நின்றபடிதான் பேசுவார். உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் பார்க்க வந்ததை மறந்துவிடுவோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் நடக்கும் வரிசை மாறாது. முதலில் முதலுதவிப் பெட்டி. அது புதிதாக, நிறைந்து, பூட்டியிருந்தால் முகம் சுளிப்பார். பாதி காலியாக, டிங்சர் கறையோடு இருந்தால் தலையசைப்பார். அடுத்தது ஆட்கள் கைகால் கழுவும் தண்ணீர்த் தொட்டி. பிறகு, தூக்கிப் போட்ட கையுறைகளும் அறுந்த இரும்புக் கயிறுகளும் கிடக்கும் குப்பை மூலை. அலுவலகம் கடைசி.

அடைமொழி எழுதினால் பென்சிலால் அடித்துவிடுவார். “பயங்கரமான வெட்டு” என்று எழுதிக் கொண்டுபோனால், “நீளம் எவ்வளவு? எலும்பு தெரிஞ்சுதா? பயம் யாருக்கு, உனக்கா அவருக்கா?” என்பார். வரையறைக்குள் வராததை எண்ண மாட்டார். மீன் ஆலையில் உப்புத் தண்ணீரிலும் ஐஸிலும் கை வைத்து நகம் கழன்ற பெண்களை நான் காயக் கணக்கில் எழுதியபோது, இது நோய், இது காயம் இல்லை என்று நீக்கிவிட்டார். அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபம் சிறியதல்ல. சுகாதாரப் பிரிவுக்குத் தனியாக எழுதினார் என்பது பிறகு தெரிந்தது. இருந்தாலும் கோபம் முழுவதும் போகவில்லை.

ஆலை ஆலையாகப் போனதில் நானாகக் கவனித்த ஒன்று உண்டு. ஒவ்வொரு தொழிலும் தனக்குப் புதிதாகத் தோன்றும் காயத்தைத்தான் காயம் என்று சொல்லும். ஃபவுண்டரியில் தீக்காயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். “சூடு வாங்கிகினான்” என்பார்கள். அது வெயிலில் வேர்ப்பது மாதிரி. அங்கே ஒருவர் படியில் வழுக்கி விழுந்தால் ஊரே பேசும். கன்டெய்னர் யார்டில் உயரத்திலிருந்து விழுவதைச் சொல்ல மாட்டார்கள். டீ கொட்டிச் சுட்டுக்கொண்டதைச் சொல்வார்கள். அதற்கும் மேல், எங்கள் கேள்வியிலேயே ஒரு சிக்கல். ஆக்சிடெண்ட் எதுவும் நடந்ததா என்று கேட்டால், திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எல்லாரும் வாசலுக்கு வெளியே கையைக் காட்டுவார்கள்.

“அத்த கேக்கிறியா? எக்ஸ்பிரஸ் ரோட்ல டிரைலரு ஒண்ணு டூவீலர்காரன இட்ச்சிட்டு நிக்காம பூட்டான்.”

“உள்ளே எதுவும் நடக்கலையா?”

“உள்ள இன்னா ஆக்சிடெண்டு? உள்ள வேல தான் நடக்குது.”

ஆக்சிடெண்ட் என்பது சாலையில் நடப்பது. உள்ளே நடப்பதற்கு அந்தப் பெயர் இல்லை.

ஓர் ஆண்டு எங்கள் அட்டவணையில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டு பூஜ்யம் காட்டியது. முந்தைய ஆண்டுகளிலும் அதே பூஜ்யம். யானை கால் தடிமனுக்கு இரும்புக் குழாய்களைத் தூக்கி, வெட்டி, ஒட்டும் இடம். எங்கள் கணக்குப்படி அது எங்கள் அலுவலகத்தைவிடப் பாதுகாப்பானது. எங்கள் கணக்காளர் அந்த ஆண்டுதான் மாடிப்படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பு இருந்தது. பெரிய வேலை ஒன்றைத் தரப்போகும் நிறுவனம் ஒன்று, எங்கள் அட்டவணையைப் பார்த்துத்தான் யார்டைத் தேர்ந்தெடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தது. சரிபார்க்க என்னை அனுப்பினார் மேடம்.

மேடத்தின் வரிசையிலேயே நடந்தேன். முதலுதவிப் பெட்டி பாதி காலி, நேர்மையான பெட்டி. குப்பை மூலையும் ஒழுங்கு. எதையும் யாரும் மறைத்த மாதிரி இல்லை. திரும்பி, வருகை பதியும் டைம் ஆபீஸ் பக்கம் வந்தபோது, சுவர் ஓரமாக நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தலையிலும் ஹெல்மெட். ஒருவர் கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன்.

“காத்துகினு இல்ல மேடம். டூட்டில கீறாங்க.”

“என்ன டூட்டி?”

“நாற்காலி டூட்டி” என்று கால் நீட்டியிருந்தவர் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். “வூட்ல குந்தினா பொண்டாட்டி ஏசும். இங்க ஃபேன் கீது.”

விவரம் கேட்டேன். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்கள். யாருக்காவது அடி பட்டால், மறுநாள் காலை கம்பெனி வேன் வீட்டு வாசலுக்கு வரும். ஏறி வந்து கார்டு தேய்த்துவிட்டு உட்கார வேண்டும். சாயங்காலம் அதே வேன் வீட்டில் விடும். சம்பளம் பிடிப்பதில்லை. மேனேஜர் நல்ல மனிதர் என்றுதான் நால்வரும் சொன்னார்கள். அவரும் அதை நல்லது என்று நினைத்துத்தான் தொடங்கியிருக்கிறார். லீவு போட்டுக் கூலி இழந்த ஒருவருக்காக ஆரம்பித்தது, வழக்கமாகிவிட்டது.

கடைசி நாற்காலியில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. பெயர் தனசேகர். நாற்பது வயதுக்குள் இருக்கும். வலது கையை மடியில் வைத்திருந்தார். தூசி படாமல் இருக்க, கட்டின் மேல் ஒரு பாலிதீன் பையை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். பக்கத்தில் போனதும் வாடை வந்தது.

அவர் கலாசி. கிரேன் தூக்கவேண்டிய பாரத்துக்கு இரும்புக் கயிறு கட்டுகிற வேலை. அந்தக் கயிற்றை ஸ்லிங் என்பார்கள். கட்டி முடித்ததும் கையால் இழுத்துப் பார்ப்பது அவர் பழக்கம். அன்றும் குழாயின் ஒரு முனையில் அப்படி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுமுனையில் கட்டிய ஆள் தன் பக்கம் சரி என்று கையை ஆட்ட, கிரேன் ஆப்பரேட்டர் அதையே சிக்னல் என்று எடுத்துக்கொண்டார். கயிறு இறுகியது. தனசேகரின் விரல்கள் கயிற்றுக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்தன.

பையைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். விரல்களின் நிறம் மாறியிருந்தது. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. அடிபட்ட அன்று ஒரு கிளினிக்கில் தையல் போட்டதோடு சரி. அதன் பிறகு யார்டில் முதலுதவி பார்ப்பவர்தான் கட்டு மாற்றுகிறார்.

“ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலையா அண்ணா?”

“வரச் சொன்னாங்க மேடம். கை டாக்டரு காலைல மட்டும் தான் பாக்கறாரு.” பையைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “காலைல நா டூட்டில கீறேனே.”

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவர் மனைவி அஞ்சலை வந்தார். காசிமேட்டில் மீன் விற்பவர். வியாபாரத்தைத் தங்கையிடம் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துத் தூக்குவாளியோடு தினமும் வருகிறார். தனசேகருக்கு இடது கையால் பிசைந்து சாப்பிட வரவில்லை. வாசலுக்கு உள்ளே இருந்த வேப்பமரத்தடியில் வைத்து அஞ்சலை ஊட்டினார். “மாமு, மறுவீட்டு விருந்தா?” என்று நாற்காலிகளிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். “உனுக்கும் வோணும்னா வாய தொற, மீன் முள்ள போடறேன்” என்று திரும்பாமலே பதில் சொன்னார் அஞ்சலை. பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ தான் கணக்கெடுக்கிற பொண்ணா? எங்க அண்ணன் போட்ல வலை இழுக்கற மெஷின்ல கைய வுட்டுச்சி. அத்த எதுல எழுதின?”

மீன்பிடித் தொழில் எங்கள் அட்டவணையில் இல்லை என்றேன். படகில் போகிறவர்கள் பங்குக்குப் போகிறவர்கள். முதலாளியும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை என்று காரணம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அது போவட்டும். இவுரு கைய பாத்தியா? நேத்திலேர்ந்து ஜொரம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்னா வர மாட்டறாரு. வேன் வந்து நிக்கசொல்லோ ஏறலன்னா பேரு கெட்டுடுமாம். கை அழுகிப் போச்சின்னா பேரு நல்லாருக்குமா?”

தனசேகர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு என்னிடம் சொன்னார். “எம்பேர எழுதிடாதம்மா. பூஜ்யம் போச்சுன்னா அந்தப் பெரிய வேல வராது. கான்ட்ராக்டரு என்ன மட்டும் இல்ல, எங்க செட்டு எட்டு பேரையுமே அனுப்பிடுவாரு. என் ஒருத்தன் கைக்கு எட்டு குடும்பமா?”

அஞ்சலை அடுத்த உருண்டையை அவர் வாயில் வைத்தார்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் பூட்டிக்கொண்டு எங்கேயோ கூட்டத்துக்குப் போயிருந்தார். ராயபுரத்துக்குத் திரும்பி மேடத்திடம் சொன்னேன். வீக்கம் எதுவரை, நிறம் என்ன, ஜுரம் எப்போதிலிருந்து என்று அவர் வழக்கம்போல் கேட்டார். பிறகு யார்டு அனுப்பிய தாளை எடுத்து, இதில் பொய் எங்கே, காட்டு என்றார். கேள்வியைச் சத்தமாகப் படித்தேன். கூட்டமைப்பு எல்லா ஆலைகளுக்கும் தமிழில் அனுப்பிய கேள்வி அது. “காயமடைந்தவர் அதன்பின் வேலைக்கு வந்தாரா?” பதில்: வந்தார். தனசேகர் வந்தார். கால் கட்டுப் போட்டவர் வந்தார். நால்வரும் வந்தார்கள். பொய் இல்லை.

இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்த வினைச்சொல் நாக்கில் தட்டியது. சட்டத்திலும் வரையறையிலும் இருப்பது, வேலை செய்ய முடிந்ததா என்பது. தமிழாக்கியவர் ‘வந்தாரா’ என்று எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் வேலைக்கு வந்தான் என்றாலே வேலை செய்தான் என்றுதான் அர்த்தம். வந்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரை அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

“மேடம், நாம கேட்டது வந்தாரான்னு. செஞ்சாரான்னு கேக்கவே இல்லை.”

அவர் தாளை என்னிடமிருந்து வாங்கி, தானும் ஒருமுறை உதடசையப் படித்தார். மற்ற ஆலைகளிலும் இந்தக் கேள்விதானே என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் மொத்த ஒப்பீட்டையும் திரும்பச் செய்ய வேண்டும், கூட்டமைப்புக்கு என்ன பதில் சொல்வது என்று நான் தொடங்கியதும் கையமர்த்தினார்.

“அட்டவணை எங்கேயும் ஓடிப்போகாது. கை போயிடும். வேன் எத்தனை மணிக்கு வரும்?”

அந்த மாலை மேனேஜரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. அஞ்சலையின் எண் என்னிடம் இல்லை. மறுநாள் காலை, வேன் வரும் நேரத்துக்கு நாங்கள் இருவரும் யார்டு வாசலில் நின்றோம். நால்வரும் இறங்கி, கார்டு தேய்த்து, நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். தனசேகருக்கு முகம் வெளுத்திருந்தது. மேனேஜர் வந்தார், அமைதியான மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனா. மேடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் உயரவில்லை.

“மேடம், என் ரெக்கார்டுல ஒரு தப்பு காட்டுங்க. சம்பளம் குடுத்திருக்கேன். வேன் அனுப்பியிருக்கேன். வேற எந்த யார்டுல இது செய்யறாங்க?”

“தப்புன்னு நான் சொல்லலை சார்.”

மேடம் நடந்துபோய் தனசேகருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தார். ஆலைக்குள் அவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். புடவையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பது போலக் கேட்டார்.

“உங்க வேலை என்ன?”

“கலாசி மேடம்.”

மேடம் மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். “சார், இவர் போய் அந்தக் குழாய்க்கு ஸ்லிங் கட்டட்டும். கட்டிட்டார்னா பூஜ்யம்னு நானே கையெழுத்துப் போடறேன்.”

மேனேஜரை யோசிக்க வைக்கச் சொன்ன பேச்சு அது. மேடமும் நானும் எதிர்பார்க்காதது அதன் பிறகு நடந்தது. தனசேகர் எழுந்துவிட்டார். இடது கையால் ரப்பர் பேண்டை உருவி, பாலிதீன் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு குழாய்கள் கிடந்த பக்கம் நடக்கத் தொடங்கினார். கால் நீட்டியிருந்தவர், “டேய் சேகரு, வேணாம்டா” என்றார். அவர் நிற்கவில்லை. தரையில் கிடந்த ஸ்லிங்கின் முனை வளையத்தை இடது கையால் எடுத்தார். வலது கையை அதற்குக் கொடுக்கப் பார்த்தார்.

மேனேஜர் ஓடினார். ஸ்லிங்கைத் தனசேகர் கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டார். அப்போதுதான் அந்தக் கையை அவர் முதன்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதுவரை அவர் பார்த்தது வருகைப் பதிவை மட்டும். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, “வேன எடுப்பா” என்றார்.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜரும் வந்தார். நான் முன் இருக்கையில். வழியில் காசிமேட்டில் நிறுத்தி அஞ்சலையை ஏற்றிக்கொண்டோம். செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்து ஏறினார். கை மருத்துவர் பார்த்துவிட்டு, எங்கே, எப்படி நடந்தது என்று கேட்டார். தனசேகர் மேனேஜர் முகத்தைப் பார்த்தார். வீட்டில் நடந்தது என்று சொல்லவும் அவர் தயாராக இருந்தார் என்று எனக்குப் பட்டது. அஞ்சலை புருஷனைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்னால் மேனேஜர் சொன்னார்.

“வேலைல நடந்தது டாக்டர். எங்க யார்டுல. கிரேன் ஸ்லிங்ல.”

சுட்டு விரலும் நடு விரலும் போயின. உள்ளங்கையும் மற்ற விரல்களும் தப்பின. இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் மணிக்கட்டு வரை பேசவேண்டி இருந்திருக்கும் என்றார் மருத்துவர். முதலிலேயே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்குமா என்று அஞ்சலை கேட்டார்.

கேள்வியை மாற்றினோம். “காயமடைந்தவர் அதன்பின் தன் வழக்கமான வேலையைச் செய்தாரா?” எல்லா ஆலைகளுக்கும் திரும்ப அனுப்பினோம், பதில் வந்த இடங்களுக்கெல்லாம் நேரில் போய் நாற்காலிகளைத் தேடினோம். வேறு வேறு பெயர்களில் அவை எல்லா இடத்திலும் இருந்தன. மீன் ஆலையில் விரல் வெட்டுப்பட்ட பெண்களை லேபிள் ஒட்ட உட்கார வைத்திருந்தார்கள். கன்டெய்னர் யார்டில் இடுப்பு பிடித்தவர்கள் கேபினில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபவுண்டரியில் சுட்டுக்கொண்டவர் கேட்டில் வண்டி எண் எழுதிக்கொண்டிருந்தார். ஒப்பிட்டபோது தொழில்களின் வரிசை தலைகீழானது. எது மேலே போனது, எது கீழே வந்தது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அடுத்த ஆண்டே அது மீண்டும் மாறியது.

தனசேகர் இருந்த யார்டு பட்டியலில் கடைசிக்கு வந்தது. மேனேஜர் யாரையும் விடாமல் எழுதிக் கொடுத்திருந்தார். மற்றவர்கள் பாதி எழுதினார்கள். அந்தப் பெரிய வேலை வேறு யார்டுக்குப் போனது. தனசேகர் பயந்தபடியே கான்ட்ராக்டர் அவர் செட்டை அனுப்பிவிட்டார். அந்தச் செட்டில் ஒருவரை, நாற்காலியில் கால் நீட்டியிருந்தவரை, பின்னொரு நாள் திருவொற்றியூர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். காலில் கட்டு இல்லை.

“இன்னா மேடம், உன் கணக்கு கரெக்டாயிட்ச்சா?”

“எங்க போறீங்க?” என்று கேட்டேன்.

“மாதவரம். அங்க லாரி லோடு ஏத்தறாங்களாம், ஆள் எடுக்கறாங்களாம். அங்கயும் கணக்கெடுக்க வருவியா?” பஸ் வந்தது. ஏறிவிட்டார். நல்ல மனதோடு கேட்டாரா, குத்திக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதிவு செய்ததால் விசாரணை நடந்தது. விசாரணை நடந்ததால் ஒரு விதி வந்தது. சிக்னல் கொடுக்க ஒரே ஒரு ஆள். கயிறு கட்டியவர்கள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். எல்லாக் கைகளும் தெரிந்த பிறகுதான் கிரேன் இறுக்கலாம். முதலில் அந்த யார்டில் எழுதி ஒட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாக மற்ற யார்டுகளிலும். எண்ணூர் பக்கம் இன்றைக்கு எந்த யார்டுக்குப் போனாலும், குழாய் எழும் முன்னால் ஆட்கள் சரணடைகிறவர்கள் போலக் கைகளைத் தூக்கி நிற்பதைப் பார்க்கலாம். அந்த எட்டுக் குடும்பத்தையும் இதையும் இரண்டு தட்டில் வைத்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே அலகில் இல்லாத இரண்டை ஒப்பிட எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு: உங்கள் திரையில் பட்டை தரையோடு ஒட்டியிருந்தால், அந்த இடத்துக்கு முதலில் போங்கள். போனதும், ஆக்சிடெண்ட் நடந்ததா என்று கேட்காதீர்கள். யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் மென்பொருளிலும் மீன்பிடித் தொழிலுக்குப் பட்டை இல்லை என்பதைப் பார்த்தேன். எனக்கும் வழி கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் காசிமேட்டில் ஒருவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் கேட்டது நிலுவையில் இருக்கிறது.

வேலையை விட்ட வாரம் நானே காசிமேட்டுக்குப் போனேன். அஞ்சலையின் மீன் கடையில் இப்போது தனசேகரும் நிற்கிறார். அஞ்சலை வெட்ட, அவர் எடை போட்டுப் பையில் கட்டுகிறார். என் காதைப் பற்றிச் சொன்னதும் அஞ்சலை, “இனிமே நாங்க திட்டினா உனுக்குக் கேக்காதா? அப்ப தைரியமா திட்டலாம்” என்றார். தனசேகர் கடைக்குள்ளிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். நீங்களும் உட்காருங்கள் என்றேன்.

“நா நின்னுகிறேன். குந்தினதெல்லாம் போதும்.”

கிழங்கான் மீன் வாங்கினேன். மூன்று விரல் இருந்த கையால் பையின் வாயை முறுக்கி, இடது கையால் முடிச்சுப் போட்டார். போட்டதும் முடிச்சை இழுத்துப் பார்த்தார். திரும்பவும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு பையைப் பலகையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

“இப்ப தூக்கும்மா.”

தூக்கினேன்.